குறியீட்டு எண் 92

முனைவர் பட்டச் சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அப்போது என் தாயார், பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் பாட்டியை ஐந்தாவது ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், மூக்குக்குழாய் வழியே கஞ்சி செலுத்துதல், படுக்கைப்புண்ணைத் துடைத்து மருந்திடுதல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அரசின் ஆவணங்கள் அவரை எந்தச் சொல்லால் குறிக்கின்றன என்று தேடத் தொடங்கியது அதன்பிறகுதான்.

தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் அது சொல்கூட அன்று, ஓர் எண்: 92. வீட்டுக் கடமைகளை மட்டும் செய்பவர் என்பது அதன் பொருள். அத்துடன் விறகு பொறுக்குதல், வீட்டுத் தேவைக்குத் தைத்தல் முதலியவற்றையும் செய்தால் 93. இருவரும் உழைப்போர் தொகைக்கு வெளியே நிற்பவர்களே. எனினும் விறகு சுமந்தவளுக்குத் தனியெண் தர நினைத்த படிவத்திற்கு, நோயாளியைத் தூக்கியவளின் நினைவு வரவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைக்கைதிகள் ஆகியோருடன் 'வேலை செய்யாதோர்' என்ற ஒரே தொகுதியில் வைத்தது. 2010இல் ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

அது இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். 1989இல் ஜாம்ஷெட்பூரில் விழாப்பந்தல் ஒன்றில் நேர்ந்த தீவிபத்து குறித்த வழக்கிலும் அப்படியே. மாண்ட இல்லத்தரசிகளின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் மதிப்பிட்டது. முதிய பெண்களுக்கு அதனினும் குறைவு. வீட்டுப் பணிக்கு விலை உண்டு என்பதை நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதைச் செய்தவர் மறைந்த பின்னரே பேசியிருக்கின்றன.

உயிரோடிருப்பவரின் உழைப்பை அளக்கும் முயற்சி 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வோடு தொடங்கியது. நாடு முழுமைக்குமான ஆய்வு 2019இல்தான் வந்தது. வீட்டாரை ஊதியமின்றிப் பராமரிப்பதில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டதாக அது கூறியது. குழந்தை வளர்ப்பும் இக்கணக்கில் சேரும். பயனுள்ள எண்களே. ஆயினும் பாட்டியின் இருமலுக்காக ஒரு காதைத் திறந்துவைத்து என் தாயார் உறங்கிய இரவுகள், எந்த நாட்குறிப்பிலும் 'உறக்கம்' என்றே பதிவாகியிருக்கும்.

சட்டத்தின் சொற்களுக்கு வருவோம். பெற்றோர், மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் 'பராமரிப்பு' இருக்கிறது. நாம் கைகளால் செய்யும் வேலைக்கும் அதே சொல்லைத்தான் தமிழில் வைத்திருக்கிறோம். சட்டத்திலோ அது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கான ஏற்பாடு. தீர்ப்பாயம் அதைப் பணமாக, மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை, பிள்ளைகளிடமிருந்து பெற்றுத்தரலாம். பணம் அனுப்பும் மகன் அச்சட்டத்தில் இருக்கிறான். மலம் அள்ளும் மருமகள் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பவர் என்பதற்கு ஊதியம் பெற்றோ பெறாமலோ அப்பணியைச் செய்யும் குடும்பத்தினர் உட்பட எவரும் என்று இலக்கணம் வகுத்தது. அந்த 'பெறாமலோ' என்ற சொல்லைப் படித்தபோது சற்று நேரம் நூலகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிய பிரிவு, அத்தொகையை உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு உரியதாகவே எழுதுகிறது. பராமரிப்பவருக்கென்றே கேரளத்தில் வந்த ஆஸ்வாசகிரணம் திட்டத்தின் தொகை மாதம் 600 ரூபாய், நாளுக்கு 20.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு இவற்றிலெல்லாம் விந்தையானது. சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளியைப் பேணுவோருக்கு 75,000 ரூபாய், கடுமையான குறைபாடெனில் 1,25,000 ரூபாய் கழிவு தந்தது. வேலையை விட்டுவிட்டுப் பேணியவருக்கு எதிலிருந்து கழிப்பது?

என் தாயார் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். வருங்கால வைப்புநிதியை எடுத்துத்தான் மருத்துவக் கட்டில் வாங்கினோம். ஏழாம் ஆண்டில் பாட்டி இறந்தார். அன்றிரவு விழிக்காமல் உறங்கியதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் என்னிடம் மட்டும் சொன்னார். அத்தைமார் காதில் விழக்கூடாது என்றும் சொன்னார்.

சென்ற மாதம் மீண்டும் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்தார். ஏழாண்டு இடைவெளிக்குக் காரணம் கேட்டிருந்தது படிவம். நான் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லை எழுதலாம் என்றேன். "அதெல்லாம் வேண்டாம், குடும்பக் காரணம்னு போடு" என்றார். அப்படியே எழுதினேன்.