உடல் பருமன்: தொழிற்பகுதி மருத்துவரின் பணி

உடல் பருமன் என்பது தேவைக்கு மிஞ்சிய கொழுப்பு சேர்ந்து உடல்நலத்தைக் கெடுக்கும் நாள்பட்ட நோய். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் எடை மிகுதி. 2015–16இல் இது முறையே 30.9, 28.2 ஆக இருந்தது.

முதல் வேலை அளப்பது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ) இந்தியர்களுக்கு 25ஐத் தொட்டாலே பருமன். உலக அளவுகோலில் அது 30. ஆகவே 165 செ.மீ. உயரமுள்ள தொழிலாளி 68 கிலோவை எட்டும்போதே மருத்துவர் கவனிக்க வேண்டும். கை கால் மெலிந்து தொப்பை மட்டும் விழுந்தவர்களை எடை இயந்திரம் காட்டிக்கொடுக்காது. அவர்களுக்கு இடுப்புச் சுற்றளவே சான்று: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு.

அடுத்தது கேட்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை செய்பவரிடம் “வாக்கிங் போங்கள்” என்று சொல்லி அனுப்புவது போதாது. நைட் ஷிப்ட் எத்தனை நாள், பகலில் எத்தனை மணி நேரம் தூக்கம், இடைவேளையில் எத்தனை டீ, அதில் எவ்வளவு சர்க்கரை என்பவை தெரிந்தால்தான் அறிவுரை பலிக்கும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். சில நீரிழிவு மாத்திரைகள், மனநல மருந்துகள், ஸ்டீராய்டுகளும் எடையை ஏற்றும் என்பதால் மருந்துச் சீட்டையும் பார்க்க வேண்டும். நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சு அவரை மறுமுறை வரவிடாமல் செய்துவிடும்.

இலக்கு சிறியதாக இருக்கலாம். 90 கிலோ உள்ளவர் நாலரை கிலோ குறைத்தாலே, அதாவது 5 விழுக்காடு குறைந்தாலே, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். இதற்கு ஆலைச் சாப்பாடும் கைகொடுக்கலாம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்க 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வழிவகுத்தது. அங்கே சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, சுண்டல், காய்கறியைக் கூட்டச் சொல்லி ஆலை மருத்துவர் நிர்வாகத்திடம் பேசலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2024இல் பணியிடங்களுக்கும் விரிந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும் தொழிலாளியின் இடுப்பையும் அப்போதே அளந்துவிடலாம்.

உணவும் உழைப்பும் பலன் தராதவர்களுக்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. விலை அதிகம், நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் ஊசி எழுதும் நாளிலேயே, அடுத்த சில ஆண்டுகளுக்கு அதைத் தொடர நோயாளிக்கு வசதி உண்டா என்று மருத்துவர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.