பொம்மை விற்க வந்த கார்ட்டூன்... குழந்தைகளை அழ வைத்த மரணம்! 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' உருவான கதை

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2007-ல் தொடங்கிய மைக்கேல் பே படங்கள்தான். ஆனால் கார் ரோபோவாக மாறும் இந்தச் சண்டை, அதற்கு 23 வருஷம் முன்பே அமெரிக்க டிவியில் கார்ட்டூனாக ஆரம்பித்துவிட்டது. பொம்மை விற்பதற்காகவே எடுக்கப்பட்ட அந்தத் தொடர், ஒரு கட்டத்தில் பொம்மை கம்பெனியையே இறங்கி வர வைத்தது. அப்படி என்னதான் நடந்தது?

கதை என்ன?

சைபர்ட்ரான் என்ற கிரகத்தில் இருப்பவை எல்லாமே உயிருள்ள ரோபோக்கள். ஆப்டிமஸ் பிரைம் தலைமையில் ஆட்டோபாட்கள் ஒரு பக்கம், மெகாட்ரான் தலைமையில் டிசெப்டிகான்கள் மறு பக்கம். ஓயாத போரால் கிரகத்தில் எரிசக்தி தீர்ந்துபோகிறது. அதைத் தேடிக் கிளம்பும் ஆட்டோபாட்களின் விண்கலத்துக்குள் எதிரிகளும் புகுந்துவிட, கலம் பூமியில் ஓர் எரிமலை மீது மோதுகிறது. அத்தனை பேரும் செயலிழந்து போகிறார்கள்.

40 லட்சம் ஆண்டுகள் கழித்து, 1984-ல் எரிமலை குமுறும்போது கலத்தின் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிறது. பூமியில் ஓடும், பறக்கும் வாகனங்களைப் பார்த்து ரோபோக்களுக்கு அதே உருவத்தைக் கொடுக்கிறது. ஆப்டிமஸ் சிவப்பு டிரக் ஆகிறார். பம்பிள்பீ குட்டி ஃபோக்ஸ்வேகன் கார். ஸ்டார்ஸ்கிரீம் எஃப்-15 போர் விமானம். மெகாட்ரான் கைத்துப்பாக்கி. சவுண்ட்வேவ், அந்தக் காலத்து கேசட் பிளேயர்! பூமியின் எரிசக்தியைச் சுருட்டப் பார்க்கும் கூட்டத்துக்கும் அதைத் தடுக்கும் கூட்டத்துக்கும் நடக்கும் மோதல்தான் தொடர் முழுக்க.

பொம்மைக்கு உயிர் கொடுத்தது யார்?

கதைக்கு முன்பே பொம்மைகள் வந்துவிட்டன. ஜப்பானின் டகாரா நிறுவனம் 'டயாகுளோன்', 'மைக்ரோசேஞ்ச்' என்ற பெயர்களில் உருமாறும் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தது. டயாகுளோன் ரோபோக்கள் வெறும் இயந்திரங்கள்தான். உள்ளே குட்டி மனிதன் உட்கார்ந்து ஓட்டுவான்.

இவற்றின் உரிமையை வாங்கிய அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம், மார்வெல் காமிக்ஸிடம் கதை கேட்டது. ஜிம் ஷூட்டர் கதைச் சுருக்கத்தை எழுதினார். 'ஆப்டிமஸ் பிரைம்' என்ற பெயரை வைத்தவர் டென்னி ஓ'நீல். மற்ற பெரும்பாலான ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. ஓட்டுநர் காணாமல் போனார், ரோபோவே பேசும் பாத்திரமானது. ஒவ்வொரு பொம்மையின் பெட்டியிலும் அதன் குணம், பலம், பலவீனம் எல்லாம் அச்சாகி வந்தது. குழந்தைகள் கைக்கு வந்தது சும்மா ஒரு பொம்மை டிரக் இல்லை, ஒரு ஆள்!

ஆப்டிமஸின் குரலும் இதற்கு முக்கிய காரணம். குரல் கொடுத்த பீட்டர் கல்லன், வியட்நாம் போரில் பணியாற்றிய தன் அண்ணன் லாரியை மனதில் வைத்துப் பேசினார். கத்திக் காட்டுவது வீரம் இல்லை, உண்மையான பலசாலி மென்மையாகவும் இருப்பான் என்று அண்ணன் சொன்ன அறிவுரைதான் அந்த நிதானமான குரலுக்கு அடிப்படை.

கார்ட்டூனா, விளம்பரமா?

1969-ல் 'ஹாட் வீல்ஸ்' பொம்மை கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் வந்தபோது, இது விளம்பரம் மாதிரிதானே என்று புகார் எழுந்தது. அதன் ஒரு பகுதியை விளம்பர நேரமாகவே கணக்கில் காட்டச் சொன்னது அமெரிக்க ஒளிபரப்பு ஆணையம். ரீகன் ஆட்சியில் நிலைமை மாறியது. 1984-ல் விளம்பர நேரத்துக்கான வரம்புகளை ஆணையம் தளர்த்தியது.

அதே ஆண்டு செப்டம்பர் 17-ல் 'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ஒளிபரப்பானது. மார்வெலுடன் சேர்ந்து இதைத் தயாரித்த சன்போ, ஹாஸ்ப்ரோவுக்கு விளம்பரம் செய்த கிரிஃபின்-பேக்கல் ஏஜென்சியின் சொந்த நிறுவனம்! கதையில் அடிக்கடி புதுப்புது ரோபோக்கள் வந்து இறங்கியதன் ரகசியம் இதுதான். கடைக்குப் புதுப் பொம்மை வந்தால் டிவியிலும் அது வர வேண்டும்.

ஆப்டிமஸ் ஏன் சாகடிக்கப்பட்டார்?

புதுசு வந்தால் பழசு போக வேண்டும் இல்லையா? அங்கேதான் சிக்கல். 1986 ஆகஸ்ட் 8-ல் வெளியான 'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி' அனிமேஷன் படத்தில், பழைய ரோபோக்கள் வரிசையாகச் சாகின்றன. படம் பாதியைத் தொடும் முன்பே, மெகாட்ரானுடன் மோதிய காயத்தில் ஆப்டிமஸும் இறக்கிறார். சிவப்பும் நீலமுமான உடல் சாம்பல் நிறமாகிறது. தலைமைப் பொறுப்பு கடைசியில் ராடிமஸ் பிரைமிடம் போகிறது. அவருடைய பொம்மை அப்போது கடைகளில் தயார்!

தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள். பெற்றோர்கள் கொதித்தார்கள். புகார்க் கடிதங்கள் வந்தன. அமெரிக்காவில் படம் வசூலித்தது சுமார் 58 லட்சம் டாலர்தான். பழைய பொம்மைகளை மாற்றிப் புதியவற்றைக் கொண்டுவருவதாக மட்டுமே நினைத்தோம், ஆப்டிமஸ் குழந்தைகளுக்கு இவ்வளவு நெருக்கம் என்று புரியவில்லை என்ற பொருளில் பிற்காலப் பேட்டிகளில் பேசினார் கதை ஆலோசகர் ஃபிளின்ட் டில்.

திரும்பி வந்தது எப்படி?

1987 பிப்ரவரியில் இரண்டு பாகக் கதையாக ஆப்டிமஸ் உயிருடன் திரும்பினார். அதிர்ச்சி அடுத்த தொடரையும் தொட்டது. ஹாஸ்ப்ரோவின் இன்னொரு பொம்மை வரிசையான 'ஜி.ஐ. ஜோ' படத்தில் டியூக் என்ற பாத்திரம் சாவதாக இருந்தது. காட்சி அப்படியே இருக்க, அவர் கோமாவில் இருக்கிறார் என்று வசனத்தை மட்டும் சேர்த்துச் சமாளித்தார்கள்!

98 எபிசோடுகளுடன் தொடர் 1987 நவம்பரில் முடிந்தது. 1990-ல் அமெரிக்கா கொண்டுவந்த குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம், சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு வார நாட்களில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம் என்று வரம்பு வைத்தது. ஆனால் பொம்மையை வைத்துக் கார்ட்டூன் எடுப்பதைத் தடை செய்யவில்லை.

கடையில் ஒரு பொம்மையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது சுலபம். ஆனால் விற்பனைக்காகக் கொடுத்த உயிரை, குழந்தைகள் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2007 படத்திலும் ரசிகர்கள் கேட்டது பீட்டர் கல்லனின் அதே குரலைத்தான், அதுவே கிடைத்தது. 2009-ல் வந்த இரண்டாம் படத்தில் ஆப்டிமஸ் மறுபடியும் இறந்தார். ஆனால் இந்த முறை படம் முடிவதற்குள்ளேயே எழுந்து வந்துவிட்டார்!