ஆலையில்லா ஊரின் இலுப்பைப்பூ: ஐதராபாத்தின் எரிசாராயமும் கார்புரேட்டரின் சிறு துளையும்

முதல் உலகப்போரின் முடிவையொட்டி, பெட்ரோலுக்கு மாற்றாக எரிசாராயத்தை மோட்டார் வண்டிகளில் பயன்படுத்த இயலுமா என்று ஆராய பிரிட்டன் ஒரு துறையிடைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர், பெட்ரோலியத் துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த சர் போவர்ட்டன் ரெட்வுட். 1919இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையில் நம் நிலத்தைப் பற்றிய ஒரு பத்தி உண்டு. நிஜாமின் ஐதராபாத் அரசில் விளையும் இலுப்பைப்பூவைப் பற்றியது அது. வெயிலில் உலர்த்திய பூவில் சராசரியாக 60 விழுக்காடு நொதிக்கத்தக்க சர்க்கரை இருக்கிறது. ஒரு டன் பூவை ஒன்றரைப் பவுன் செலவில் ஆலைக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். டன் ஒன்றுக்கு 95 விழுக்காட்டுச் சாராயம் சுமார் 90 காலன் கிடைக்கும். உள்ளூர் மதுவுக்குத் தேவையானது போக, ஐதராபாத் அரசில் மட்டும் ஆண்டுக்கு 7,00,000 காலன் மோட்டார் எரிபொருள் எடுக்கலாம் என்பது அதன் கணக்கு.

‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்ற நம் பழமொழியை அந்தக் குழுவினர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நிலைமை அதுவேதான். போதனில் நிஜாம் சர்க்கரை ஆலை நிறுவப்பட்டது 1937இல். அதற்கு முன் பெருமளவில் சாராயம் வடிக்கக் கையிலிருந்த மலிவான சர்க்கரை, காட்டில் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் இந்தப் பூதான். அறிக்கை ‘பாசியா லாட்டிஃபோலியா’ என்று குறிக்கும் மரம் நம்மூர் இலுப்பையின் நெருங்கிய உறவு; தெலுங்கில் ‘இப்ப’, வடக்கே ‘மகுவா’.

இந்த எண்களைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். ஒரு டன் பூவில் ஏறத்தாழ 610 கிலோ சர்க்கரை. நொதித்தலின் வேதியியல்படி அதிலிருந்து உச்ச அளவாகக் கிடைக்கக்கூடிய தூய சாராயம் சுமார் 312 கிலோ. அறிக்கை சொல்லும் 90 காலனைத் தூய சாராயமாக மாற்றினால் 307 கிலோ வருகிறது. அதாவது ஈஸ்ட் ஒரு துளியும் வீணாக்காமல், வடிகலத்தில் ஒரு துளியும் சிந்தாமல் நடந்தால் கிடைக்கும் விளைச்சல். எந்த வடிசாலையும் இதை எட்டுவதில்லை. இந்த எண் ஆய்வுக்கூட மேசையில் பிறந்தது, ஆலைத் தரையில் பிறந்ததல்ல என்றே கருதுகிறேன். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் கில்பர்ட் ஃபவுலரும் அவருடைய மாணவர்களும் இலுப்பைப்பூவின் உயிர்வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த காலமும் இதுவே. அவர்களது கட்டுரை 1920இல் வெளிவந்தது.

விலைக் கணக்கு இன்னும் கவனத்துக்குரியது. போருக்கு முந்தைய மாற்று வீதப்படி ஒன்றரைப் பவுன் என்பது இருபத்திரண்டரை ரூபாய். அப்படியென்றால் ஓர் அணாவுக்கு ஆறு பவுண்டு எடைக்கு மேல் உலர்ந்த பூ. பொறுக்குவது, உலர்த்துவது, சுமப்பது அனைத்தும் இதற்குள் அடக்கம். பூப்பொறுக்கும் பழங்குடிப் பெண்ணின் கூலியாக இதில் என்ன மிஞ்சியிருக்கும்? மதுவுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைத்த அந்தக் கணக்கு, பஞ்ச காலத்தில் இதே பூவை உணவாக உண்ட கோண்டு மக்களுக்கு எதையும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை. கலால் துறைக்குப் பூ என்பது வருவாய். குழுவுக்கு அது எரிபொருள்.

இனி கார்புரேட்டருக்கு வருவோம். எரிபொருள் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விலையோடும் சட்டத்தோடும் நின்றுவிடுகிறார்கள். பித்தளை ஜெட்டில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் அளவிலான துளையை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். மெத்தனாலுக்கு ஆறரையே மிகுதி. எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு மாறாது என்பதால், எரிபொருளைத்தான் கூட்டித் தர வேண்டும்: எத்தனால் என்றால் 1.6 மடங்கு, மெத்தனால் என்றால் 2.3 மடங்கு. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பிரதான ஜெட்டின் விட்டம் எத்தனாலுக்குச் சுமார் கால் பங்கும், மெத்தனாலுக்கு ஏறத்தாழ அரைப் பங்கும் பெரிதாக வேண்டும். ஜெட்டை மாற்றினால் மட்டும் போதாது. மிதவைக் கிண்ணத்துக்குள் எரிபொருளை விடும் ஊசி வால்வும் குழாயும் அதே வேகத்தில் ஈடுகொடுக்க வேண்டும். இல்லையேல் முழு வேகத்தில் கிண்ணம் வற்றி எஞ்சின் திணறும். அடுத்து ஆவியாதல். தனக்குரிய கலவை விகிதத்தில் எத்தனால் உறிஞ்சும் வெப்பம் பெட்ரோலைப்போல் நான்கு மடங்கு. குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுப்பது இதனால்தான். நேட்டாலின் மெரிபேங்கில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து செய்யப்பட்ட ‘நேட்டலைட்’ எரிபொருளில் ஈதரைக் கலந்ததன் காரணமும் இதுவே. (அந்தக் கரும்புக் காடுகளில் 1860 முதல் உழைத்தவர்களுள் நம்மவர் பலர் என்பதை இங்கு மறக்க இயலவில்லை.) அக்காலத்துத் தக்கை மிதவைகளுக்குப் பூசிய அரக்கு மெருகைச் சாராயம் கரைத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்று பாலாநகரின் கடைசல் பட்டறைகளுக்கு நாற்சக்கரப் பந்தய வண்டியின் ஜெட்டுகளோடு வரும் பொறியியல் மாணவர், இதே கணக்கைத்தான் மீண்டும் போடவேண்டியிருக்கும். 1968இல் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்ட பகுதி அது. நுண்துளையிடும் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பந்தயக்காரருக்குச் சாராயத்தின் குறைகளே சாதகம். உள்ளிழுக்கும் கலவை குளிர்ந்து அடர்வதால் ஆற்றல் கூடும். தட்டல் இல்லாமல் உயர்ந்த அழுத்த விகிதத்தைத் தாங்கும். 1920களின் தொடக்கத்தில் ஹாரி ரிக்கார்டோ தம் மாறும் அழுத்த எஞ்சினில் இதை நிறுவிக்காட்டினார். பந்தய வண்டியில் கலவையைச் செறிவாக வைத்துத் தொடங்கி, புகைபோக்கியின் வெப்பத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைத்துவரலாம். ஓட்டம் முடிந்ததும் மெத்தனாலை முற்றிலும் வடித்துவிட வேண்டும். கார்புரேட்டரின் துத்தநாக, அலுமினிய உடலை அது அரிக்கும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தீயணைப்பானும் அருகில் வேண்டும்.

ஆனால் பந்தயத்திற்குப் பொருந்துவது ஓர் அரசுக்குப் பொருந்தாது. தூய சாராயத்தில் வண்டி ஓட வேண்டுமெனில் ஒவ்வொரு வண்டியின் ஜெட்டையும் மாற்ற வேண்டும்; மாற்றியபின் அந்த வண்டி அடுத்த ஊரில் பெட்ரோலைக் குடித்தால் கரும்புகை கக்கும். ஜெட்டைத் தொடாமல் செய்யத்தக்க வழி ஒன்றே: பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குள் சாராயத்தைக் கலப்பது. 20 விழுக்காட்டுக் கலவையில் தேவைப்படும் காற்று 13.5 கிலோவாகக் குறைகிறது. எட்டு விழுக்காட்டு மாற்றத்தைப் பழைய கார்புரேட்டர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டன. ஆயினும் கலப்பதற்கு 95 விழுக்காட்டுச் சாராயம் உதவாது. அதிலுள்ள நீர் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். நீரற்ற சாராயம் வேண்டும். அதற்குப் பென்சீன் சேர்த்து வடிக்கும் உயர்ந்த கோபுரங்கள் வேண்டும். அவற்றுக்கு ஒரே இடத்தில் ஓயாது வந்து குவியும் மூலப்பொருள் வேண்டும். கழிவுப்பாகு ஆலை வாசலிலேயே கிடைக்கிறது. இலுப்பைப்பூவோ காடெங்கும் மரத்துக்கு மரம் சிதறிக்கிடக்கிறது.

பூ தோற்றது விலையால் மட்டுமன்று, ஜெட்டின் துளையாலும்தான் என்பது என் வாதம். ஐக்கிய மாகாணமும் பீகாரும் 1938இல் அமைத்த கூட்டுக்குழு கழிவுப்பாகையே மையமாகக் கொண்டது. 1940இல் ஐக்கிய மாகாணம் தனிச்சட்டம் இயற்றியது; 1948இல் இந்திய ஆற்றல் சாராயச் சட்டம் வந்தது. அது 2000இல் நீக்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே 5 விழுக்காட்டுக் கலப்பு வேறு பெயரில் திரும்பியது. இன்றைய 20 விழுக்காட்டு விவாதத்தில் பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்போர் எழுப்பும் கேள்விகளுள் பல, எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தார்நாகாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குச் செல்வோர் நிஜாம் அரசின் தொழில்துறைக் கோப்புகளோடு நின்றுவிடாமல், கலால், வனத்துறைக் கோப்புகளையும் புரட்டிப்பார்க்க வேண்டும். பூவைப் பொறுக்கியவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற வரி இருக்குமானால், அது அங்கேதான் இருக்கும்.