கணினிப் பெட்டியும் அமைதியும்: ஒரு சிறு வரலாறு

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டுவோர், செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் நன்கு ஆராய்கின்றனர். பெட்டியை மட்டும் விலையும் அழகும் பார்த்து எடுத்துவிடுகின்றனர். பிள்ளை படிக்கும் மேசையருகே நாள்தோறும் இரையப் போவது அந்தப் பெட்டிதானே! பெற்றோர்களும் ஆசிரிய நண்பர்களும் அதன் வரலாற்றைச் சற்று அறிந்து கொள்வது நலம்.

1977-இல் வெளிவந்த ஆப்பிள் II கணினியில் மின்விசிறி கிடையாது. ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி குறைந்த வெப்பத்தையே வெளியிட்டதால் அஃது இயன்றது. 1980-இல் வந்த ஆப்பிள் III கணினியையும் விசிறியின்றியே அமைத்தனர். ஆனால், அதனுள் பாகங்கள் நெருக்கமாக இருந்தன. வெப்பம் வெளியேறப் போதிய வழியில்லை. சில்லுகள் தம் இருக்கையினின்று தளர்ந்து, பல கணினிகள் பழுதடைந்தன. வெப்பத்திற்கு வழி செய்யாமல் அமைதியை மட்டும் விரும்பியதன் விளைவு அது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் மின்வழங்கியில் ஒரு விசிறி இருந்தது. 1993-இல் பெந்தியம் செயலி வந்தபின், செயலியின்மீதும் தனி விசிறி பொருத்துவது வழக்கமாயிற்று. 2004-இல் வந்த பிரெஸ்காட் வகைப் பெந்தியம் 4 செயலிகளுள் சிலவற்றின் வெப்ப அளவு 115 வாட்டை எட்டியது. விசிறிகள் வேகமாகச் சுழன்றன, இரைச்சலும் பெருகியது.

இதற்கு விடையாக 2005-இல் ஆண்டெக் நிறுவனத்தின் பி180 பெட்டி வந்தது. அமைதியான கணினிகளை ஆராய்ந்து எழுதிவந்த மைக் சின் அதன் வடிவமைப்பில் பங்கேற்றார். மின்வழங்கி கீழே தனி அறைக்குச் சென்றது. பக்கத் தகடுகள் மூன்று அடுக்குகளாயின. வன்தட்டின் அதிர்வு பெட்டிக்குப் பரவாதபடி மெத்தென்ற சிலிகோன் தாங்கிகள் இடப்பட்டன. 120 மில்லிமீட்டர் விசிறிகள் பொருத்தப்பட்டன. 80 மில்லிமீட்டர் விசிறியைவிட இதன் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆகவே மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளும். ஓசையும் குறையும்.

இன்று சுழலாத திடநிலைச் சேமிப்பகங்கள் வந்துவிட்டதால் வன்தட்டின் ஓசை பல கணினிகளில் இல்லை. எனினும், உயர்வகை வரைகலை அட்டைகள் 300 வாட்டுக்கும் மேல் மின்சாரம் உண்கின்றன. ஓசையடக்கும் பஞ்சு ஒட்டி, முன்புறத்தை முற்றும் அடைத்த பெட்டியை வாங்கினால், வெப்பம் உள்ளே தங்கும். விசிறிகள் இன்னும் விரைந்து சுழலும். அமைதிக்கென்று கொடுத்த பணமே இரைச்சலை வளர்க்கும். நம் நாட்டு வெப்பத்தில், குளிரூட்டி இல்லாத அறையில், இதை மறத்தல் கூடாது.

ஆகவே, கடையில் பெட்டியைத் தட்டிப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். காற்று எவ்வழி புகும், எவ்வழி வெளியேறும், பெரிய விசிறிகளுக்கு இடமுண்டா என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைத்தபின் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.