பார்க்கக் கல், அறுக்க மரம்: ரம்பப் பல்லின் சின்ன வரலாறு

புதுச்சேரி, வரலாறு என்றதும் டூப்ளே, பிரெஞ்சுக் கோட்டை என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். இன்றைய கட்டுரை ரம்ப பிளேடைப் பற்றியது.

காரணம் என் சித்தப்பா. இலாசுப்பேட்டையில் ஆசாரி வேலை பார்க்கிறார். ஒரு வீட்டில் சமையல் மேடைக்குக் கிரானைட் வேண்டாம், 'சாலிட் சர்ஃபேஸ்' பலகை போடுங்கள் என்றார்கள். பார்ப்பதற்கு அசல் கல். சித்தப்பாவும் கல் அறுக்கும் வைர பிளேடை மாட்டி ஓட்டிவிட்டார். சூடேறி விளிம்பு இளகி, வெட்டிய இடம் கரடுமுரடாகிவிட்டது. பலகையின் விலை அவர் கூலியில் கழிந்தது. "கல்லையே அறுக்கிற பிளேடு, இதை அறுக்காதா?" என்று கேட்டார். பதிலைத் தேடிப் போனால் 2000 வருடம் பின்னால் போய் நின்றேன்.

அறுப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று தேய்ப்பது, இன்னொன்று சீவுவது.

முதலில் தேய்ப்பது. நம் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானியர் காலத்து மண்பாண்டங்கள் கிடைத்தன. கண்ணாடி மணிகளும் அகேட், கார்னீலியன் போன்ற கல்மணிகளும் அங்கே ஏராளம். கடினமான கல்லைச் சீவ முடியாது, உடைந்துபோகும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் உருவாக்க வேண்டும், துளையிட வேண்டும். அதே முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பளிங்கை அறுப்பது இரும்பு ரம்பம் அல்ல, அதன் அடியில் போடும் மணல்தான் என்று எழுதினார். அதற்கு உகந்த மணல்களில் இந்திய மணலையும் சொல்கிறார். வைரத் துணுக்கை இரும்பில் பதித்துக் கல்லில் செதுக்குவதும் அவருக்குத் தெரியும். இன்றைய கிரானைட் பிளேடும் இதே வழிதான். அதில் பல் கிடையாது. விளிம்பில் பதித்த வைரத் துகள்கள் கல்லைத் தேய்க்கின்றன.

அடுத்தது சீவுவது. இது ஆசாரிகளின் வழி. ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளி. இந்த வழியில் பெரிய மாற்றம் ஜெர்மனியில் வந்தது. 1923-ல் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். க்ரூப் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம்! பட்டறைகளில் கேட்கும் 'விடியா' இதுதான்.

இப்போது நம் பலகைக்கு வருவோம். 1967-ல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் 'கோரியன்' என்ற பலகையை உருவாக்கியது. சுமார் மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிளாஸ்டிக், மீதி அலுமினியத் தாதுத் தூள். தோற்றத்தில் கல்லானாலும் அதைப் பிடித்து நிறுத்துவது பிளாஸ்டிக். தேய்த்தால் சூடேறி இளகும். ஆகவே சீவத்தான் வேண்டும்.

அதற்காக மரம் அறுக்கும் எந்த பிளேடும் சரி என்று நினைக்க வேண்டாம். பல் குறைவாக, முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் கொத்தி இழுத்து விளிம்பைச் சிதைத்துவிடும். 10 அங்குல பிளேடில் 60 முதல் 80 கார்பைடு பற்கள், சாய்வு குறைவாக இருப்பது நல்லது. பற்கள் மாறி மாறி இரண்டு வடிவில் இருக்க வேண்டும்: மூலை மழுங்கிய பல் நடுவில் வழி திறக்கும், அடுத்த தட்டையான பல் இரு ஓரங்களையும் சுத்தம் செய்யும். கடையில் 'ட்ரிபிள் சிப்' என்று கேளுங்கள்.

சித்தப்பாவுக்குக் கைத்திறன் குறைவில்லை. பலகை புதியது, அது எந்த வழியைச் சேர்ந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தெரியாததற்கு விலை கொடுத்தது மட்டும் அவர். ஒரு பொருள் ஊருக்குள் வரும்போது அதன் அறிவும் கூடவே வரவேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அவர் பையில் இரண்டு பிளேடுகள் இருக்கின்றன. ஒன்று கல்லுக்கு, இன்னொன்று கல் மாதிரி இருப்பதற்கு.