அஞ்சு டாலர் சட்டையின் பின்னால்...

சீனாவுல தச்ச சட்டை அஞ்சாறு டாலருக்கு அமெரிக்க வீட்டு வாசலுக்கே வந்துச்சே, எப்படி?

கதை 1938-ல ஆரம்பிக்குது. சின்னப் பார்சலுக்கு வரி வசூலிக்கிற செலவு வரியை விட அதிகம்னு அமெரிக்கா ஒரு சலுகை கொடுத்தது. அப்போ வரம்பு ஒரு டாலர்தான். 2016-ல அது 200-ல இருந்து 800 டாலர் ஆச்சு. ஷீன் மாதிரி கம்பெனிகள் வாங்குறவங்க பேருக்கே தனித்தனிப் பொட்டலமா விமானத்துல அனுப்பினாங்க. வரி பூஜ்யம்!

ஆனா வரி மிச்சமானா மட்டும் இவ்ளோ சல்லிசா கிடைச்சிடுமா? 2021-ல சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு, குவாங்சோவில் ஷீனுக்குத் தைக்கும் பட்டறைகளை விசாரித்தது. பீஸ் ரேட் கூலி, மாசம் ஒரே நாள் லீவு, வாரம் 75 மணி நேர வேலை. 2024-ல மறுபடி விசாரிச்சாங்க. அதே 75!

சீனாவுல சட்டம் இல்லாம இல்லை. 1995-ல இருந்து வாரம் 40 மணி நேரம்தான். ஓவர்டைம் மாசத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல கூடாது. 75-ல 40 போனா 35. மாசக் கோட்டா ஒரே வாரத்துல கிட்டத்தட்ட காலி.

2025 மே மாசம் சீனப் பார்சல்களுக்கு அந்த வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்திடுச்சு. சொன்ன காரணம் போதைப்பொருள் கடத்தல். தைக்கிறவங்க அந்தக் காரணத்துல வரவே இல்லை.

வரியில ஓட்டை இருந்தா அரசாங்கம் என்னிக்காவது அடைச்சிடுது. அந்த 35 மணி நேரத்தை யாரு மக்களே கேக்கறது?