மூட்டையைப் பிரிக்காமல் நிறுத்துவது: 1910 தபாலும் 2025 விகடனும்

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. குண்டனி நாட்டில் எங்கள் வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த மிளகைச் சாயங்காலம் அள்ளிக்கொண்டிருந்தோம். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "விகடன் வரமாட்டேங்குதுப்பா, டவர் போயிடுச்சு போல" என்றார்.

கொல்லிமலையில் இது தினமும் கேட்கிற வசனம்தான். மழை வந்தால் டவர் போகும், கரண்ட் போனால் டவர் போகும், சும்மாவே கூடப் போகும். ஆனால் அன்றைக்கு என் போனில் மற்ற எல்லாமே வந்தது. விகடன் மட்டும் வரவில்லை. டவர் போனதற்கும் தடை போட்டதற்கும் போன் திரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டுக்கும் அதே சுற்றும் வட்டம், அதே "இணைப்பு கிடைக்கவில்லை". அந்த ஒரே மாதிரியான வெள்ளைத் திரைதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பழைய சட்டங்களைப் படிப்பது பொழுதுபோக்கு. ஆகவே தொழிலில் தெரிந்ததையும் பொழுதுபோக்கில் படித்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

நடந்தது என்ன என்று முதலில் சுருக்கமாக. பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று இந்தியர்களைக் கைவிலங்கு போட்டு அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. அதை வைத்து 10ஆம் தேதி 'விகடன் பிளஸ்' இணைய இதழ் அட்டையில் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி. அப்போது தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை இதை எதிர்த்து பிரஸ் கவுன்சிலுக்கும், தகவல் ஒலிபரப்புத் துறை இணையமைச்சர் எல்.முருகனுக்கும் புகார் கொடுத்தார். (முருகன் எங்கள் நாமக்கல் மாவட்டத்துக்காரர்தான். கீழே பரமத்திப் பக்கம்.) 15ஆம் தேதி சாயங்காலமே பலருக்குத் தளம் திறக்கவில்லை. அமைச்சகத்தின் நோட்டீஸ் மறுநாள்தான் வந்தது. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

இங்கே ஒரு கேள்வி. பிரச்சினை ஒரே ஒரு படம். அடைக்கப்பட்டது ஒரு முழுத் தளம். சமையல், ஜோசியம், விவசாயம், பழைய தொடர்கதை எல்லாம் சேர்ந்து. ஏன்?

பலரும் இதை அரசின் கோபம் என்று எழுதினார்கள். கோபம் இருக்கலாம், அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இணையத்தில் ஒரு தளத்துக்குப் போகும்போது உங்கள் போன் முதலில் டிஎன்எஸ் என்கிற பெயர்ப்பட்டியலிடம் அந்தத் தளத்தின் எண் முகவரியைக் கேட்கும். பிறகு அந்த முகவரியோடு பூட்டுப் போட்ட ஒரு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். அந்தப் பூட்டுதான் எச்டிடிபிஎஸ். பூட்டுப் போட்ட பிறகு நீங்கள் எந்தப் பக்கம் படிக்கிறீர்கள் என்பது நடுவில் இருக்கும் இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. தளத்தின் பெயர் மட்டும் பெரும்பாலும் வெளியே தெரியும். கவருக்குள் இருக்கும் கடிதம் தெரியாது, கவர் மேல் இருக்கும் விலாசம் தெரியும் என்ற மாதிரி. அதனால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்து என்றால் சேவை நிறுவனத்தால் முடியாது. அந்த விலாசத்துக்குப் போகிற எல்லாக் கவரையும் நிறுத்தலாம், அல்லது எதையும் நிறுத்தாமல் இருக்கலாம். நம் அந்தரங்கத்தைக் காப்பாற்ற வந்த பூட்டே தடையை இவ்வளவு முரட்டுத்தனமாக ஆக்கியிருக்கிறது!

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1910 ஞாபகம் வரும்.

பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை 1906இல் சென்னையில் தொடங்கியது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை ஒழுங்காக வெளியிட்ட முன்னோடி அதுதான். 1908இல் வ.உ.சி.க்குத் தண்டனை, 'சுதேசமித்திரன்' ஜி.சுப்பிரமணிய ஐயர் கைது என்று அடுத்தடுத்து நடந்தபோது, 'இந்தியா'வின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த எம்.சீனிவாசனையும் பிடித்து சிறைக்கு அனுப்பினார்கள். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அந்த அக்டோபரில் பத்திரிகை அங்கிருந்து மறுபடி வந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் மண். அங்கே போய் அச்சகத்தைப் பூட்ட முடியாது, ஆசிரியரையும் பிடிக்க முடியாது.

பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது? அச்சகத்தை விட்டுவிட்டுப் பாதையைப் பிடித்தது. படிக்கிறவர்கள் பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கம்தானே இருந்தார்கள். பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டார்கள். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது. அதே வருஷம் பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டம் இந்த வித்தையை நாடு முழுக்க முறைப்படுத்தியது. அச்சகம் வைப்பவரிடம் 500 ரூபாயிலிருந்து 2000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம் என்று அதில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். சுங்க அதிகாரியும் தபால் அதிகாரியும் சந்தேகப்பட்ட பார்சலை நிறுத்திவைக்கலாம் என்ற பிரிவுகளும் அதில் உண்டு. என்னைப் பொறுத்தவரை சட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. எழுதியவனோடும் அச்சடித்தவனோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பாதையில் நிற்கிற ஒரு சம்பளக்காரரிடம் பட்டியலைக் கொடுத்தால் போதும்.

எமர்ஜென்சி வேறு ரகம். 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பிறகு தணிக்கை வந்தது. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்க இடத்தைக் காலியாக விட்டது, சோவின் 'துக்ளக்' கறுப்பு அட்டையோடு வந்தது. காலி இடமும் கறுப்பு அட்டையும் வாசகனுக்கு ஒரு செய்தி சொன்னது: இங்கே ஏதோ இருந்தது, எடுத்துவிட்டார்கள். தடையே கண்ணுக்குத் தெரிந்தது. சித்தப்பாவின் போனில் அது தெரியவில்லை.

1987ஐயும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே விகடன் குடும்பம். ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்து ஒரு ஜோக் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி. சபாநாயகர் பி.எச்.பாண்டியன், 'வானளாவிய அதிகாரம்' புகழ். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு ஏப்ரல் 4ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் என்று சட்டமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. வழக்குப் போட்டு, 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அவர் அந்த 1000 ரூபாயைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். சித்தப்பா அந்த இதழை செம்மேட்டில் ஒரு டீக்கடையில் படித்ததாகச் சொல்வார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ்ஸில் பத்திரிகை மேலே வரும்போது எப்போதுமே பழசாகியிருக்கும். ஆனால் வந்துவிடும். ஆசிரியர் உள்ளே போனபோதும் இதழ் கடையில் தொங்கியது. யார் யாரை எதற்காகத் தண்டித்தார்கள் என்பது டீக்கடைக்கே தெரிந்திருந்தது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு 2009 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு மாதிரியான காரணங்களுக்காக இணையத்தில் எதையும் தடுக்கச் சொல்லலாம். அதன் விதிகளில் 16வது, கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏவை ரத்து செய்ததை எல்லோரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பு 69ஏவை அப்படியே நிலைநிறுத்தியதைக் கொண்டாட்டத்தில் கவனிக்கவில்லை. நானும்தான்.

பெரிய தளங்கள் மேல் வந்திருக்கிற அவநம்பிக்கையை இந்த இடத்தில்தான் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன். சேவை நிறுவனத்தின் கையில் இருப்பது கோடாலி, முழுத் தளத்தைத்தான் வெட்டும். எக்ஸ், யூடியூப், பேஸ்புக் கையில் இருப்பதோ சவரக்கத்தி. பூட்டின் உள்பக்கம் இருப்பது அவர்கள்தானே. ஒரே ஒரு பதிவை, இந்தியாவில் மட்டும், சத்தமில்லாமல் எடுக்க அவர்களால் முடியும். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி விவசாயிகள் போராட்டத்தின்போது ட்விட்டர் 250 கணக்குகளுக்குப் பக்கமாக இந்தியாவில் நிறுத்தியது. 'கேரவன்' பத்திரிகையின் கணக்கும் அதில் இருந்தது. நிறுத்தி, திறந்து, மறுபடி நிறைய நிறுத்தினார்கள். 2023 ஜனவரியில் பிரதமரைப் பற்றிய பிபிசி ஆவணப்படம் யூடியூபிலும் ட்விட்டரிலும் காணாமல் போனது. 2025 மே மாதம், 8000க்கு மேல் கணக்குகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாக எக்ஸ் நிறுவனமே சொன்னது. அதே நிறுவனம் 'சஹ்யோக்' என்கிற அரசு இணையவாசலை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய், செப்டம்பர் 24ஆம் தேதி தோற்றது.

உடனே எக்ஸை உத்தமன் ஆக்கிவிட வேண்டாம். 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் பதவியேற்றபோது மஸ்க், ஜுக்கர்பெர்க், பெசோஸ், பிச்சை நான்கு பேரும் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். மெட்டா அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்பு ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. நான்கு வருஷம் முன்பு இதே ட்ரம்பை வெளியே தள்ளியவர்கள்! இங்கேயும் 2021 மே மாதம், பா.ஜ.க. பேச்சாளர் ஒருவரின் பதிவுக்கு ட்விட்டர் 'திரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியதும் டெல்லி போலீஸ் அதன் அலுவலகத்துக்குப் போனது. ஆக இந்தத் தளங்களை வலதும் நம்பவில்லை, இடதும் நம்பவில்லை. பதவியில் இருக்கிறவர் பயன்படுத்துகிறார், இல்லாதவர் சந்தேகப்படுகிறார்.

தமிழ்நாட்டுக் கட்சிகளும் இதில் சுத்தம் இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு முடிந்த மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தையே துண்டித்தது அ.தி.மு.க. அரசு. விகடன் தடையைக் கண்டித்த தி.மு.க. அரசு, 2024இல் யூடியூபர் சவுக்கு சங்கரைக் குண்டர் சட்டத்தில் போட்டது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சங்கர் பேசியதில் பலது எனக்கு அருவருப்பு. அது வேறு விஷயம்.

ஒரு ஒப்புதலும் இருக்கிறது. பதினைந்து வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் தளங்களை வடிகட்டும் கருவி செய்தது. பட்டியலைப் படித்துத் தடுக்கிற பகுதியை எழுதியவர்களில் நான் ஒருவன். 'இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பக்கம் காட்டும்படிதான் முதலில் எழுதினேன். வாங்கினவர் அதை எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்தால் ஆட்கள் போன் பண்ணிக் கேட்கிறார்களாம். இணைப்பு கிடைக்காத மாதிரி காட்டினால் யாரும் கேட்பதில்லை. நான் எடுத்துவிட்டேன். அரை நாள் வேலை. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்ததே என்று சந்தோஷம்தான். பிறகு 2016இல் சட்டக் காரணத்துக்காகத் தடுத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல '451' என்று இணையத்தில் ஒரு குறியீட்டு எண்ணே கொண்டுவந்தார்கள். அதைப் படித்த அன்று என் அந்த அரை நாள் ஞாபகம் வந்தது. இன்றைக்குப் பூட்டுப் போட்ட இணைப்பின் நடுவில் நிற்கும் சேவை நிறுவனம் நினைத்தாலும் அந்த எண்ணை ஒழுங்காகக் காட்ட முடியாது. இணைப்பு முறியும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 16 காலையில் சித்தப்பாவின் வாட்ஸாப்பில் இரண்டு செய்தி வந்தது. ஒன்று, அந்தக் கேலிச்சித்திரம். எத்தனையோ கை மாறி மங்கிப்போய், ஓரம் வெட்டுப்பட்டு, எந்தப் பத்திரிகை என்ற பெயர்கூட இல்லாமல். இன்னொன்று, 'விகடன் ஆபீஸுக்கு சீல் வைத்துவிட்டார்கள், ஆசிரியர் கைது' என்று ஒரு தகவல். சுத்தப் பொய். "பொய்யின்னு எப்படிச் சொல்ற? அவங்க சைட்டே வரலையே" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். பொய்யை மறுக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திரை இருந்தது.

மார்ச் கடைசியில் மறுபடி ஊருக்குப் போனேன். விகடன் திறந்தது. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அந்தப் படம் எங்கப்பா?"

"எடுத்தாத்தான் திறப்போம்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க, சித்தப்பா."

அவர் வாட்ஸாப்பைத் திறந்து, பழைய மங்கலான படத்தைத் தேடி எடுத்து, என்னிடம் நீட்டினார். "இங்க இருக்குது, பாரு."